கரையேறிய பின்னும் இறங்காத பாரம்

பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் உடம்புகள், வேலை முடிந்தும் ஏன் தளர்வதில்லை? காசு செலவில்லாமல் அவற்றைத் தளர்த்த ஒரு வழி இருக்கிறது.

நீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் சிலர் ஏரியில் இறங்குகிறார்கள். முழங்கால் ஆழத்தில் குந்தி, சில இடங்களில் ஏறக்குறையத் தவழ்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. விரல்நுனியில் ஒரு துடிப்பு தட்டுப்பட்டதும் கை மூடுகிறது, இறால் சிக்குகிறது. இரண்டு கையும் வேலையில் இருப்பதால், இறாலைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். பனையோலையில் பின்னிய சின்னக் கூடை அது. இறால் சேரச் சேர எடை ஏறும். தாடை இன்னும் கொஞ்சம் இறுகும். மணிக்கணக்கில் இப்படி.

எண்ணூர் தொடங்கிப் பழவேற்காடு வரைக்குமான கழிமுகங்களில் இருளர் பெண்களும் பிற ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்களும் செய்யும் வேலை இது. கரைக்கு வந்ததும் பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். தாடை விடுவதில்லை. இறாலை விற்று, வீட்டுக்குப் போய், உலை வைத்து, படுக்கும்வரை அது பறியைக் கவ்விய நிலையிலேயே பாதி இறுகி நிற்கும். பொட்டுவலி, பின்கழுத்து வலி, வாய் திறந்தால் காதருகே 'கடக்' என்ற சத்தம் எல்லாம் இந்த இறுக்கத்தோடு சேர்ந்து வருபவை.

உழைப்பின் வலியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். உழைப்பு முடிந்த பிறகும் உடம்பில் தங்கிவிடும் இறுக்கத்தைப் பற்றிப் பேசியது குறைவு. அந்த இறுக்கத்தைக் கவனத்தாலும் மெதுவான அசைவாலும் தளர்த்த முடியும். நூறு ஆண்டுகளாக மருத்துவ உலகத்திலும், அதற்கு வெகு முன்பிருந்தே நம் மரபிலும் பழகிவரும் வழி அது. இன்று நகரத்து ஏசி அறைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கப்படுகிறது. அதிகம் தேவைப்படுகிறவர்கள் இருக்கும் குப்பங்களை மட்டும் அது இன்னும் சரியாக எட்டவில்லை.

எந்த வேலைக்கு எங்கே வலி?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் கிடக்க, தென்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிறவர்கள் பூநாரைக் கூட்டத்தையும் டச்சுக்காரர் கல்லறைகளையும் படமெடுக்கிறார்கள். அந்தப் படங்களின் ஓரத்தில் குனிந்தபடி நிற்கும் மனிதர்களின் முதுகைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏரிக்குள் வலை கட்டும் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் குப்பங்களில் 'பாடு' முறை உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. முறை வந்த நாளில் ஆழம் குறைந்த நீரில் கழி ஊன்றிப் படகைத் தள்ள வேண்டும். குச்சி நட்டுச் சுத்து வலை கட்ட வேண்டும். பிறகு குனிந்து வலையைத் தூக்க வேண்டும். இந்த வேலைகள் ஒரு பக்கத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஃபைபர் படகு ஒவ்வோர் அலையிலும் ஏறி விழும்போது அந்த அடி நேராக முதுகெலும்பில் இறங்கும்.

கரையில் ஏலம் எடுக்கும் பெண்ணுக்குச் சும்மாடும் அன்னக்கூடையும் கழுத்தில் வந்து உட்காருகின்றன. மீன் அரிய அரிவாள்மனை முன் குந்தினால் முழங்காலும் இடுப்பும் மடங்கியே கிடக்கும். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாகப் பனையோலைப் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். சாயமேற்றிய ஓலையைக் கண்ணுக்குக் கீழே வைத்து, கழுத்தைக் கவிழ்த்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பின்னுகிற வேலை அது. அவர்களுக்கு வலி பிடரியிலும் கட்டைவிரல் அடியிலும்.

"இடுப்பு விட்டுப் போச்சு", "கழுத்து பிடிச்சுக்கிச்சு", "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று அவரவர் வலியைச் சொல்வார்கள். மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை, கொஞ்சம் தைலம், கொஞ்சம் வெந்நீர் ஒத்தடம், சில வீடுகளில் ஆண்களுக்குச் சாராயம் என்று அன்றைய இரவு கழியும். மறுநாள் நீர் வற்றும் நேரம் யாருக்காகவும் காத்திருக்காது.

வேலை நின்றும் தசை நிற்காதது ஏன்?

தசை தானாக இறுகுவதில்லை. நரம்பின் கட்டளை வந்தால் சுருங்கும்; கட்டளை நின்றால் தளரும். வேலை முடிந்த பின்னும் இறுகியே இருக்கிறதென்றால் பெரும்பாலும் எங்கோ கட்டளை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, பழக்கம். ஒரே நிலையில் நெடுநேரம் வேலை செய்யும்போது அந்த நிலையே மூளைக்கு இயல்பாகிவிடுகிறது. தொடர்ந்து வரும் ஓர் உணர்வை நரம்பு மண்டலம் சிறிது நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கட்டியிருக்கும் தாலிக்கயிறு கழுத்தில் உறுத்துவதை எவரும் நாள் முழுக்க உணர்வதில்லையே. இறுக்கத்துக்கும் இதே கதிதான். உணராத ஒன்றை யாராலும் விட முடியாது.

இரண்டாவது, வலியே இறுக்கத்தைக் கொண்டுவருகிறது. ஓரிடம் வலித்தால் அதைக் காக்கச் சுற்றியுள்ள தசைகள் விறைத்துக்கொள்கின்றன. விறைத்த தசைகள் களைத்து வலிக்கின்றன. அந்த வலிக்குப் பயந்து மேலும் விறைப்பு. இடுப்புப் பிடித்தவர் மூச்சைக்கூட அடக்கி எழுவதைப் பார்த்திருப்போம்.

மூன்றாவது, கவலை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்மூடினால் கடல்நீர் உள்ளே வராது, மீனும் இறாலும் குறையும், படகும் போகமுடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீன்பிடித்தொழிலே முடங்கியது. துறைமுகமும் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலத்தையும் நீரையும் சுருக்குவதாக இந்தக் கரையோர மக்கள் வருடக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். நாளைய வருமானம் தெரியாத உடம்பு தோளை உயர்த்தி, வயிற்றை இறுக்கி, மேல்மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். ஆபத்துக்குத் தயாராகும் உடம்பின் இயற்கை அது. ஆபத்து நாள்தோறும் நீடித்தால் தயார்நிலையும் நீடிக்கும்.

சுவீடன் ஆய்வாளர் யோரன் ஹெக் 1991ல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். குறைந்த விசையில் நீண்டநேரம் செய்யும் வேலைகளில், ஒரு தசைக்குள் இருக்கும் சில சிறிய இழைகளே முதலில் வேலைக்கு எழுகின்றன, அவையே கடைசியில் ஓய்வுக்குப் போகின்றன, இடையில் அவற்றுக்கு மாற்று ஆள் இல்லை என்பது அதன் சாரம். தேவதைக் கதையில் எல்லோருக்கும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் படுக்கும் சிண்ட்ரெல்லாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, ஏரிக்குப் போய், சந்தைக்குப் போய், வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் படுக்கும் பெண்ணின் உடம்புக்குள் இப்படிச் சில இழைகள் இருக்கின்றன என்று கேட்கும்போது மனம் கனக்கிறது. அந்த இழைகளுக்கு வேண்டியது முழுமையான ஓய்வு. குறைந்த நேரமாக இருக்கலாம். ஆனால் உண்மையான ஓய்வாக இருக்க வேண்டும். படுத்திருப்பது மட்டும் ஓய்வாகிவிடாது. படுத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டிருக்க முடியும்.

தளர்வதற்கும் கற்க வேண்டும்

தளர்வு தானாக வருவதல்ல, கற்றுக்கொள்ளும் திறமை என்று அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் நிறுவினார். 1908ல் ஹார்வர்டில் தொடங்கிய அவருடைய ஆய்வு, 1929ல் சிகாகோவிலிருந்து நூலாக வெளிவந்தது. ஒரு தசையை லேசாக இறுக்கு, அந்த இறுக்கம் எப்படி இருக்கிறதென்று கவனி, பிறகு விடு, விட்டபின் வரும் மாற்றத்தையும் கவனி என்பதே அவருடைய பாடம். நோக்கம் இறுக்குவதல்ல. இறுக்கத்தை அடையாளம் காண்பதே நோக்கம். அவருடைய முறைக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்பி 1950களில் அதைச் சுருக்கினார். உலகெங்கும் இன்று மருத்துவமனைகளில் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் அந்தச் சுருங்கிய வடிவம்தான்.

அசைவின் பக்கத்திலிருந்து வந்தவர் மோஷே ஃபெல்டன்கிரைஸ். இயற்பியலாளர், ஜூடோ வீரர். முழங்கால் காயத்தோடு போராடியவர். மெதுவாக, சிறியதாக, வலிக்காமல் அசை. அசையும்போது உடம்பின் மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று கவனி என்றார். ஏன் சிறியதாக? தலையில் நிறைந்த அன்னக்கூடை இருக்கும்போது ஒரு கைப்பிடி நெத்திலியைக் கூடுதலாகப் போட்டால் தெரியாது. காலிக் கூடையில் போட்டால் உடனே தெரியும். விசை குறையும்போதுதான் நுண்ணிய வேறுபாடு புலப்படும். பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகக் கையைச் சுழற்றினால் தோளில் எது வேண்டாத இறுக்கம் என்று ஒருபோதும் தெரியவராது.

நமக்கு இது வெளியிலிருந்து வரவேண்டிய சரக்கல்ல. 1950களில் சென்னைக்கு வந்து, 1989ல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு பிணைத்துக் கற்பித்தார். உள்மூச்சில் விரிவு, வெளிமூச்சில் மடிப்பு. அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம், ஆளின் வயதுக்கும் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்பப் பயிற்சியை அமைக்கும் வழியை வளர்த்தது. இறால் பிடிக்கிறவருக்கு ஒரு பயிற்சி, ஓலை முடைகிறவருக்கு வேறொன்று என்பது அந்த நோக்கில் இயல்பான சிந்தனை.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, உழைக்கும் மனிதரையும் குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து எளியமுறை உடற்பயிற்சியை வகுத்தார். கைப்பயிற்சி, கால்பயிற்சியிலிருந்து தொடங்கும் அந்த வரிசை உடல் தளர்த்தலில் முடிகிறது. உடம்பின் ஒவ்வோர் உறுப்பிலும் மனத்தை நிறுத்தி, அங்கே இறுக்கத்தை விடும் பயிற்சி அது. மனவளக்கலை மன்றங்கள் வழியாகத் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் லட்சக்கணக்கானோர் இதைப் பழகியிருக்கிறார்கள்.

பர்மாவில் கற்ற விபாசனாவை 1969ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்காவின் முகாம்களில், தலை முதல் கால் வரை உணர்வுகளை வரிசையாகக் கவனிப்பதே மையப் பயிற்சி. 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய பயிற்சியும் பௌத்த தியானத்திலிருந்தும் யோகத்திலிருந்தும் எடுத்தவற்றை மதச்சார்பற்ற வடிவில் தந்தது. மருந்தால் தீராத நாட்பட்ட வலியோடு வந்தவர்களுக்காகவே அது உருவானது.

எந்த மதத்தவருக்கும் இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. கந்த சஷ்டி கவசம் ஓதுகிறவர் உறுப்பு உறுப்பாக உடம்பை நினைத்துச் செல்கிறார். தொழுகையில் குனிவதும் நிமிர்வதும் நெற்றி தரையில் பட வணங்கும் ஸஜ்தாவும் அவசரமின்றி, ஒவ்வொரு நிலையிலும் உடம்பு அமைதியடைந்த பின்பே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது மார்க்கத்தின் அறிவுறுத்தல். மகிமை மாதா ஆலயத்தில் ஜெபமாலை உருட்டுகிறவரின் மூச்சும் ஓர் ஒழுங்குக்கு வருகிறது. வழிபாட்டின் நோக்கம் தசையைத் தளர்த்துவதல்ல. ஆனால் உடம்பையும் கவனத்தையும் ஒரே இடத்தில் வைப்பது இந்த ஊரில் மூன்று சமயத்தாருக்கும் தெரிந்த பழக்கம்.

ஏரியை நம்பிப் பிழைப்பவர்களின் தொழிலே கவனத்தின் உச்சம் என்பது அதைவிட முக்கியம். கலங்கிய நீரில், கண்ணால் பார்க்காமல், விரல்நுனியின் ஒரு துடிப்பைக் கொண்டு இறால் எது, நண்டின் கால் எது, கூரான ஓடு எது என்று பிரித்தறிகிறவரின் கவனத்துக்கு எந்தத் தியான வகுப்பும் புதிதாக எதையும் சேர்க்கப்போவதில்லை. கயிற்றின் இழுப்பில் நீரோட்டத்தை அறிகிறவரும், ஓலையின் ஈரப்பதத்தைத் தொட்டே சொல்கிறவரும் அப்படித்தான். இந்தக் கவனம் முழுவதும் இதுவரை பிழைப்பின்மேல் மட்டுமே செலவாகிவந்தது. அதில் கொஞ்சத்தைத் தன் உடம்பின்மேல் திருப்பலாம் என்று எவரும் அவர்களிடம் சொல்லவில்லை.

சான்றுகள் என்ன சொல்கின்றன?

2004 டிசம்பர் 26 சுனாமி பழவேற்காட்டுக் குப்பங்களையும் விடவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பின் நாகப்பட்டினம் முகாம்களில் கடும் மன அதிர்ச்சியோடு இருந்த 183 பேரிடம் யோக மூச்சுப்பயிற்சியின் பலனை ஆராய்ந்தார்கள். 2010ல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களின் அதிர்ச்சியும் மனச்சோர்வும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட ஆறு வாரங்களில் தெளிவாகக் குறைந்திருந்தன. ஆட்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்காமல் முகாம்வாரியாகப் பிரித்தது அந்த ஆய்வின் குறை. அந்தமானில் சுனாமியில் தப்பிய 47 பேர் ஒரு வாரம் மென்மையான அசைவுகள், ஆசனங்கள், மூச்சுப்பயிற்சி, வழிகாட்டலோடு கூடிய தளர்வு ஆகியவற்றைச் செய்தார்கள். அச்சமும் பதற்றமும் தூக்கக்கேடும் குறைந்ததாக 2007ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரண்டுமே நம் கடலோர மக்களுக்கு நெருக்கமான அனுபவங்கள்.

முதுகுவலிக்கான சான்று இன்னும் வலுவானது. 2016ல் அமெரிக்காவில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 342 பேரிடம் நடந்த ஆய்வில், கபட்-ஜின் முறைப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 60.5 சதவீதம் பேருக்கு அன்றாட இயக்கம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 44.1 சதவீதம். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல், நாட்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்பாக உடற்பயிற்சி, யோகா, படிப்படியான தசைத்தளர்வு போன்றவற்றை முயலச் சொல்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சிக்கும் நோயாளிக்குப் புரியவைப்பதற்கும் இடம் தருகிறது. பலர் காசு கொடுத்து வாங்கும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

இந்தச் சான்றுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது. எல்லோருக்கும் வலி தீரவில்லை. பலருக்குக் குறைந்தது, சிலருக்கு மாறவில்லை. ஆனால் பக்கவிளைவு குறைவு, செலவு இல்லை, ஒருமுறை கற்றால் கையோடு இருக்கும். நாள்தோறும் வலி மாத்திரை விழுங்கிச் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு விளங்கும்.

செய்து பார்க்க: கரையில் பத்து நிமிடம்

பாயும் தனி அறையும் வேண்டாம். ஏலத்துக்குக் காத்திருக்கும் நேரமோ ஷேர் ஆட்டோ வருவதற்கு முன்னுள்ள நேரமோ போதும். விதி நான்கு: வலிக்காத அளவுக்கு மட்டும், பாதி வேகத்தில், பாதி விசையில், ஒவ்வொன்றுக்கும் பின் சில மூச்சுகள் சும்மா இருப்பது.

தாடை: உட்கார்ந்துகொண்டு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடுகின்றனவா என்று பாருங்கள். பேசாமல், மெல்லாமல் இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம். பற்கள் தொடக் கூடாது. கன்னத்தின் பின்பகுதியில் விரல்களை வைத்து, மிக லேசாகப் பல்லைக் கடியுங்கள். விரலுக்குக் கீழே தசை திரள்வது தெரியும். ஐந்து எண்ணும்வரை கவனித்து, மூச்சை விடும்போது விடுங்கள். தசை தட்டையாவதை விரலால் உணருங்கள். இரண்டு மூன்று முறை போதும். பிறகு வாயைப் பாதியளவு மெதுவாகத் திறந்து மூடுங்கள். பறி கவ்வுகிறவர்கள் ஏரியைவிட்டு ஏறியதும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கழுத்தும் தோளும்: உள்மூச்சில் தோள்களைக் காதுப் பக்கமாகச் சிறிது உயர்த்துங்கள். நீண்ட வெளிமூச்சில் இறக்குங்கள். இறங்கிய பிறகும் இன்னும் கொஞ்சம் இறங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அடுத்து, கண்ணும் தலையும் சேர்ந்து வலப்பக்கம் மெதுவாகத் திரும்பட்டும். இழுப்பு தொடங்குவதற்கு முன்பே நின்று திரும்பிவாருங்கள். பிறகு இடப்பக்கம். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பதே பயிற்சி. அதை வலுக்கட்டாயமாகச் சரிசெய்ய வேண்டாம்.

இடுப்பு: மணலிலோ திண்ணையிலோ மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இடுப்புக்குக் கீழே தரைக்கும் முதுகுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று உணருங்கள். வெளிமூச்சில் அந்த இடைவெளி சற்றே குறையும்படி இடுப்பெலும்பை உருட்டுங்கள். உள்மூச்சில் பழைய நிலைக்கு விடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன அசைவு. பத்து முறை ஆனதும் கைகால்களை நீட்டிச் சும்மா இருந்து, முதுகு தரையில் படிந்திருக்கும் விதம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கை: ஓலை முடைகிறவர்களும் வலை பின்னுகிறவர்களும் கையை மடியில் மல்லாக்க வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக மடக்கிப் பாதி முட்டியாக்குங்கள். வெளிமூச்சில் கட்டைவிரல் கடைசியாக விரியும்படி திறங்கள். உள்ளங்கையின் சூட்டைச் சிறிது நேரம் கவனியுங்கள்.

முழு உடம்பு: படுக்கையில், உறங்குமுன். பாதத்தில் தொடங்கி கெண்டைக்கால், தொடை, வயிறு, நெஞ்சு, கை, கழுத்து, தாடை, கண், நெற்றி என்று ஒவ்வோர் இடத்திலும் சில மூச்சுகள் கவனத்தை நிறுத்துங்கள். எதையும் மாற்ற முயல வேண்டாம். மூச்சு மட்டும் உள்ளே போவதைவிட வெளியே வருவது சற்று நீளமாக இருக்கட்டும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று நிதானப்படும். நடுவில் தூக்கம் வந்தால் உறங்கிவிடுங்கள்.

முதல் வாரத்தில் வலி கூடியதுபோல் தோன்றலாம். இதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த இறுக்கம் இப்போது கவனத்துக்கு வருவதால் அப்படி. வேலையின் நடுவிலேயே, பல் கடிபடும் கணத்திலேயே 'இதோ இறுகுகிறது' என்று தெரியத் தொடங்கினால் பயிற்சி பலிக்கிறது என்று அறியலாம். கழி ஊன்றத் தோளுக்கு எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடுத்து மீதியை மிச்சப்படுத்த உடம்பு அப்போது கற்கத் தொடங்கும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

காலில் மரத்துப்போதல் அல்லது பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போதல், காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், கீழே விழுந்த பின் வந்த வலி, இரவில் எழுப்பிவிடும் வலி இருந்தால் பயிற்சியை நம்பி நாள் கடத்தக் கூடாது. நெஞ்சில் அழுத்தமும் இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும் வந்தால் 108க்கு அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்த வீடுகள் உண்டு.

கடலில் ஆளை இழந்தவர்களுக்கும், அலையில் சிக்கி மீண்டவர்களுக்கும் கண்ணை மூடி உடம்பைக் கவனிக்கும்போது பழைய அச்சம் எழலாம். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, துணையோடு, அசைவில் மட்டும் கவனம் வைக்கலாம். அப்போதும் நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிடலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. மனநல ஆலோசனை பெறுவது அடுத்த படி.

வீட்டுக்கே வரும் மருத்துவத்தில் இதற்கும் இடம் வேண்டும்

முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், நீர் சுத்தமாக இருக்க வேண்டும், இறாலுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும். கையால் இறால் பிடிக்கும் பெண்கள் மீனவர்களாகப் பதிவு பெற்று, மீன்பிடித் தடைக்கால உதவியும் நலத்திட்டங்களும் பெற வேண்டும். இவற்றுக்கு எந்த மூச்சுப்பயிற்சியும் மாற்றாகாது. 'கவலைப்படாதே, தியானம் செய்' என்று உழைப்பாளியிடம் சொல்வது கொடுமை. ஆனால் ஏரிக்கான போராட்டம் வருடங்களில் நடப்பது. இடுப்புவலி இன்றிரவு இருப்பது. ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வலி குறைந்த உடம்பு கூட்டத்துக்கும் மனுக் கொடுக்கவும் தெம்போடு போகும்.

செய்வதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு உண்டு. மீனவக் குப்பங்களில் அவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஏற்ற தளர்வுப் பயிற்சியை வகுத்து, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் கற்றுத்தரலாம். குழுவுக்கு இருவர் நன்றாகக் கற்றால், அவர்களே மற்றவர்களுக்குத் தங்கள் பேச்சில், தங்கள் நேரத்தில் சொல்லித்தருவார்கள். மனவளக்கலை மன்றங்களும் யோகப் பள்ளிகளும் கட்டணத்தையும் சீருடையையும் ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் கரைக்கு வரலாம். பறியை இடுப்பிலோ மிதவையிலோ கட்டிக்கொள்ளும் வசதியைப் பெண்களோடு சேர்ந்து வடிவமைத்துப் பார்ப்பதும் அதே அளவு அவசியம். இறுகாமலே வேலை செய்ய முடிந்தால் தளர்த்துவதற்கான தேவையும் குறையும்.

வருபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கவனம் என்றால் என்னவென்று இந்த மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தன் உடம்பும் அந்தக் கவனத்துக்கு உரியது, தனக்கென்று பத்து நிமிடம் எடுத்துக்கொள்வது சோம்பல் அல்ல என்பதைத்தான் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க மற்றவர் பசிக்காக நீரில் நின்றவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தை உறுதிசெய்வது சலுகை அல்ல, பொதுச் சுகாதாரத்தின் கடமை.